வகுப்பறையிலா, காவல் நிலையத்திலா?

பெங்களூரு: பள்ளிகளில் பாலியல் கல்வி தேவையா என்ற விவாதம் எழும்போதெல்லாம் அது பண்பாட்டுப் பிரச்னையாகவே பேசப்படுகிறது. அது சிறார்களின் சட்ட உரிமை சார்ந்த பிரச்னை என்பதைக் கர்நாடகத்தின் அனுபவம் உணர்த்துகிறது.

மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் கொண்டுவந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கர்நாடக அரசு 2007-ல் நிறுத்தி வைத்தது. அப்போது அங்கு நடந்தது மதச்சார்பற்ற ஜனதா தளம் - பாஜக கூட்டணி ஆட்சி. காங்கிரஸ் கூட்டணி ஆண்ட மகாராஷ்டிரமும், இடதுசாரிகள் ஆண்ட கேரளமும் அதே வழியில் சென்றன. பாடநூலில் இருந்த படங்கள் ஏற்கத்தக்கவை அல்ல என்றால், அவற்றை நீக்கியிருக்கலாம். பாடத்தையே நிறுத்தியதுதான் தவறு. பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது என்றே, வெங்கய்ய நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழுவும் 2009-ல் பரிந்துரைத்தது.

அதன்பின் சட்டம் கடுமையானது. 2012-ல் வந்த போக்ஸோ சட்டம் 18 வயதுக்கு உள்பட்ட அனைவரையும் குழந்தைகள் என வரையறுத்தது. அதற்கு முன்பு பாலுறவுக்கு இசைவு தெரிவிக்கும் வயது 16. இன்று 17 வயதுப் பெண் விரும்பியே பழகினாலும் அவளது இசைவு சட்டத்தின் முன் செல்லாது. பாலுறவு நிரூபணமானால், 2019-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி அந்த இளைஞனுக்குக் குறைந்தபட்சம் 10 ஆண்டு சிறை. பெண் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவள் எனில் 20 ஆண்டு. அவனே 16 வயது கடந்த சிறுவனாக இருந்தாலும், வயது வந்தவனாகக் கருதி விசாரிக்க 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் இடமளிக்கிறது. இதை அவர்கள் வகுப்பறையில் அறிந்துகொள்வதா, காவல் நிலையத்தில் அறிந்துகொள்வதா?

இது கற்பனையான அச்சமன்று. பெங்களூருவில் இயங்கும் 'என்ஃபோல்ட்' அமைப்பு, அசாம், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களில் 2016 முதல் 2020 வரை வழங்கப்பட்ட 7,064 போக்ஸோ தீர்ப்புகளை ஆராய்ந்தது. அவற்றில் 1,715, அதாவது ஏறத்தாழ நான்கில் ஒன்று, காதல் உறவு தொடர்பானவை.

இத்தகையதொரு வழக்கில்தான் கர்நாடக உயர்நீதிமன்றத்தின் தார்வாட் அமர்வு 2022 நவம்பரில் இரண்டு விஷயங்களைக் கூறியது. இசைவு வயதைச் சட்ட ஆணையம் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது ஒன்று. ஒன்பதாம் வகுப்பு முதலாவது போக்ஸோ சட்டம் பற்றிய பாடங்களைத் தயாரிக்கக் கல்வித் துறை குழு அமைக்க வேண்டும் என்பது மற்றொன்று. வயதைக் குறைக்க வேண்டாம் என்று ஆணையம் 2023-ல் பரிந்துரைத்துவிட்டது. வயது வரம்பு மாறாதவரை, இரண்டாவது உத்தரவின் முக்கியத்துவம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

பாலியல் கல்வி பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என அஞ்சும் பெற்றோரின் கவலை புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால், குழந்தைகளிடம் அத்துமீறுவோரில் மிகப் பெரும்பாலோர் அவர்களுக்குத் தெரிந்தவர்களே. எது அத்துமீறல், யாரிடம் முறையிடுவது என்று அறியாத குழந்தையின் மௌனம் குற்றவாளிக்கே துணை போகும்.

புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. போக்ஸோ சட்டத்தின் 43-வது பிரிவு, அதன் விதிகளைக் குழந்தைகளும் பெற்றோரும் அறியச் செய்யும் பொறுப்பை மத்திய, மாநில அரசுகளிடமே ஒப்படைத்துள்ளது. வயதுக்கேற்ற பாடத்திட்டம் தயாரிக்குமாறு 2020-ம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. சட்டம் தெரியாது என்பது நீதிமன்றத்தில் எடுபடாது. அதைச் சொல்லித்தரத் தயங்கிய அரசுகள், தெரியாமல் தவறியவர்களைத் தண்டிக்க மட்டும் தயங்காமலிருப்பது என்ன நியாயம்?