நாற்பதில் பட்டம், பிறகும் அதே துடைப்பமா?

பாதியில் பள்ளியை விட்டு, சித்தாள் வேலைக்கும் கரும்பு வெட்டவும் போய், பிள்ளைகள் வளர்ந்த பிறகு தொலைதூரக் கல்வியில் பட்டம் முடித்தவர்கள் நம் காலனிகளில் இன்று புதிதல்ல. கறுப்பு அங்கி போட்ட படத்தைச் சட்டம் போட்டு மாட்டுகிறோம். மறுநாள் அதே சித்தாள் வேலை. "இந்த வயசுல ஏதோ ஒரு வேலை கிடைச்சாப் போதாதா? பிடிச்ச வேலை வேற கேக்குதா?" என்று ஊர் கேட்கிறது. சில நேரம் வீடும் கேட்கிறது.

பிடித்த வேலை என்பது மற்றவர்களுக்கு ஆசையாக இருக்கலாம். சாதி தலையில் கட்டிய வேலையிலிருந்து வெளியேறத்தான் நம்மவர்கள் படிக்கிறார்கள். 2019-இல் கோவை மாநகராட்சியின் 549 துப்புரவுப் பணியிடங்களுக்குப் பட்டதாரிகள், பொறியாளர்கள் உட்பட சுமார் 7,000 பேர் விண்ணப்பித்தார்கள். வேலையில்லாத் திண்டாட்டம் என்று அது பேசப்பட்டது. அந்த வேலைக்குச் சேரும் பிற சாதியினர் சிலர் அலுவலக மேசைக்கு நகர்ந்துவிடுகிறார்கள், பட்டம் இருந்தும் நம்மவர் கையில் துடைப்பமே தங்குகிறது என்ற பழைய புகார் அவ்வளவாகப் பேசப்படவில்லை.

அண்ணலுக்கே 1917-இல் பரோடாவில் நடந்தது என்ன? கொலம்பியாவில் படித்து வந்தவருக்குத் தங்க இடமில்லை. கடைநிலை ஊழியர்கள் கோப்புகளைத் தூரத்தில் நின்று வீசினார்கள்.

வயது போய்விட்டதே என்று ஒதுங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். டிஎன்பிஎஸ்சி குரூப் 2, 2ஏ தேர்வுகளில் பெரும்பாலான பதவிகளுக்கு ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினருக்கு உச்ச வயது வரம்பே இல்லை. 45 வயதிலும் எழுதலாம். மாநில அரசுப் பணியில் 18 விழுக்காடு நமக்கு, அதில் 3 விழுக்காடு அருந்ததியருக்கு. இட ஒதுக்கீடே இல்லாத தனியார் நிறுவனத்தில் "30 வயதுக்குள்" என்ற ஒற்றை வரி நம்மை வாசலிலேயே நிறுத்திவிடும்.

ஆனால் அரசு வேலைக்குப் பத்தாம் வகுப்பு, பிளஸ் 2, அதன்பின் பட்டம் என்ற வரிசையும் முக்கியம். பிளஸ் 2 எழுதாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கிய பலர், விண்ணப்பிக்கும்போதுதான் இதை அறிகிறார்கள். பணம் கட்டச் சொல்லும்போது எல்லாப் படிப்பு மையங்களும் இதைச் சொல்வதில்லை. கல்லூரி வாசலை மிதிக்காத அப்பா, அம்மாவுக்கு இதைச் சொல்ல வேண்டியது வீட்டில் இருக்கும் மாணவப் பிள்ளைகள்தான். முதலில் தனித்தேர்வராகப் பத்தாவதும் பிளஸ் 2-வும் எழுதட்டும், பட்டம் பிறகு.

வேலையில்லாதோர் உதவித்தொகையின் கணக்கு இன்னும் வேடிக்கை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருந்தால், பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். நமக்கு வயது வரம்பு 45. அதாவது 41 வயதில் பட்டம் முடித்துப் பதிகிறவருக்கு, ஐந்தாண்டு நிறையும்போது வயது 46. திட்டம் அவரைப் பார்க்காமலேயே கடந்துவிடும். படிப்பென்றால் 21 வயதில் முடிந்துவிடும் என்று நினைத்தவர்கள் எழுதிய விதி இது.

2021-இல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது, நம் தெருப் பெண்கள் பலர் தன்னார்வலர்களாக மாலையில் பாடம் எடுத்தார்கள். பிள்ளைகள் "டீச்சர்" என்று கூப்பிட்டது அவர்களுக்குப் பெரிய நிறைவு. மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய். நிறைவு தருகிற வேலைக்குக் கூலி இல்லை, கூலி தருகிற வேலையில் மரியாதை இல்லை. இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று நம்மிடம் மட்டும் ஏன் சொல்கிறார்கள்?

உதவித்தொகைக்கான 45 வயது வரம்பை நீக்க வேண்டும். பணியில் இருந்துகொண்டே பட்டம் முடித்த தூய்மைப் பணியாளர்களின் பட்டியலை ஒவ்வொரு நகராட்சியும் வெளியிட்டு, அவர்களை அலுவலகப் பணியிடங்களுக்கு முதலில் அழைக்க வேண்டும். உள்ளாட்சி மன்றங்களில் தனித்தொகுதியில் வென்று உட்கார்ந்திருக்கும் நம் உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம்.