ஊர்வன அறிதல்

மண்ணிலும் மரத்திலும் நீரிலும் வாழும் ஊர்வனவற்றுள் பாம்பைப்போல் அஞ்சப்படுவது வேறொன்றில்லை. புல்லிடையே ஏதேனும் நெளியக் கண்டவுடன் கழியைத் தேடுவோர் பலர். அஃது இன்னதென்று ஆராய்வோர் மிகச் சிலர். அறியாமையினின்று பிறக்கும் இவ்வச்சத்தால் ஊர்வனவற்றிற்கும் கேடு, மாந்தர்க்கும் கேடு.

அரணை தீண்டினால் மரணம் என்பது நெடுநாளைய நம்பிக்கை. உண்மையில் அரணைக்கு நஞ்சே இல்லை. பூச்சிகளைத் தின்று சருகுகளிடையே வாழும் அவ்வெளிய உயிர் ஒரு பொய்யுரையால் எத்துணை முறை அடிபட்டு மாய்ந்ததோ! வயலில் எலிகளை உண்டு உழவனுக்கு உதவும் சாரையும் நல்லபாம்பெனக் கருதப்பட்டு உயிரிழக்கின்றது.

பிழையாக அடையாளம் காண்பது மாந்தரையும் வருத்தும். கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டியென எண்ணி அணுகுவோர் உளர். முன்னதன் உடலில் நீள்வட்டப் புள்ளிகள் சங்கிலிபோல் மூன்று வரிசையாக அமைந்திருக்கும்; பின்னதன் திட்டுகள் ஒழுங்கற்றவை. கட்டுவிரியனும் நஞ்சற்ற வெள்ளிக்கோல் வரையனும் இவ்வாறே மயக்குவன. கட்டுவிரியனின் வெண்கோடுகள் வாற்புறம் தெளிந்து தலைப்புறம் மங்கும். வரையனிடத்தோ தலைப்புறம் தெளிந்து வாற்புறம் மங்கும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். ஆதலின் இவ்வறிவு வெறும் பொழுதுபோக்கன்று.

இதில் தலைசிறந்தவர் இருளர். மண்ணில் பதிந்த தடம், உரித்த சட்டை, வளையின் வாய் ஆகியவற்றை நோக்கியே உள்ளிருப்பது இன்ன பாம்பென உணர்வர். 1978-ஆம் ஆண்டில் தோன்றிய அவர்தம் கூட்டுறவுச் சங்கம், மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் பாம்புகளின் நஞ்சை எடுத்து, பின்னர் அவற்றை உயிருடன் காட்டில் விட்டு வந்துள்ளது. அந்நஞ்சே பாம்புக்கடிக்குரிய மருந்தின் மூலப்பொருள். 2017-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருளர் இருவர் அமெரிக்க நாட்டின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பெற்று, அங்கு வந்தேறிப் பெருகிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்தனர். 2023-இல் அவ்விருவர்க்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

இருளர் திறம் பல தலைமுறைப் பயிற்சியின் பயன். அதனைக் கண்டு தாமும் கையால் பிடிக்க முயல்வது பேதைமை. மாணாக்கர்க்கு உரியது கண்ணால் அறியும் கல்வியே. காலை வெயிலில் காயும் ஓணானையும், கிளையோடு கிளையாய் அசையாதிருக்கும் பச்சோந்தியையும் முதலில் நோக்கிப் பழகலாம். கல்லைப் புரட்டாமலும் வளையில் கைவிடாமலும் எட்ட நின்று, நிறம், வடிவு, இருப்பிடம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். ஐயம் நேரின் நஞ்சுடையதெனவே கொண்டு விலகுதல் நன்று. பெயரும் இயல்பும் அறிந்த ஓர் உயிரைக் கொல்ல எவர் கையும் எளிதில் எழாது.