பூங்காவில் புழுவுக்கும் ஒரு மூலை!



உங்கள் தெருப் பூங்காவை நன்றாகப் பாருங்கள். சீராக வெட்டிய புல்தரை, வரிசையாகக் குரோட்டன்ஸ், சிமெண்ட் பெஞ்சு, ஊஞ்சல். பச்சைப் பசேல் என்றுதான் இருக்கும். ஆனால் அங்கே எத்தனை வண்ணத்துப்பூச்சிகள் பறக்கின்றன? எண்ணிப் பாருங்களேன்.

பூவில் தேன் இருந்தால் மட்டும் வண்ணத்துப்பூச்சிக்குப் போதாது. முட்டையிட இலை வேண்டும். ஏதோ ஓர் இலை அல்ல, அதன் புழு தின்னக்கூடிய இலை! எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி எலுமிச்சை, கறிவேப்பிலைச் செடிகளைத் தேடிப் போகும். ஆரஞ்சு நிறத்தில் கறுப்புக் கரை போட்ட வெந்தய வரியன் எருக்கஞ்செடியில் முட்டையிடும். ஆடுதீண்டாப்பாளை என்றொரு கொடி உண்டு. பெயரைப் பாருங்கள், ஆடுகூடத் தொடாதாம்! சிவப்பு உடம்பும் கறுப்பு இறக்கையும் கொண்ட ரோஜா வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு அதுதான் சாப்பாடு. அந்த இலையின் நஞ்சு உடம்பில் சேர்வதால் பறவைகள் அதைத் தின்பதில்லை.

பூங்காவைச் சுத்தம் செய்யும்போது முதலில் பிடுங்கி எறிவது எருக்கையும் இந்தக் கொடியையும்தான். முட்டை பொரித்து, புழு வளர்ந்து, கூடு கட்டி, பறக்க மூன்று, நான்கு வாரம் ஆகும். அதற்குள் அரிவாள் வந்துவிட்டால்?

ஜூன் 5 வந்தால் மரக்கன்று நடுகிறோம், போட்டோ எடுக்கிறோம். நல்லதுதான். ஆனால், நடுவதற்கு முன் பிடுங்குவதை நிறுத்த வேண்டும் என்பேன். ஒரு மூலையில் பத்தடிக்குப் பத்தடி வெட்டாமல், மருந்தடிக்காமல் விட்டால் போதும்.

"கொசு வருமே, பாம்பு வருமே" என்பார்கள் பெரியவர்கள். கொசு முட்டையிடுவது தேங்கிய நீரில். தேங்காய்ச் சிரட்டையையும் பழைய டயரையும் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். பாம்புப் பயம் நியாயமானது. அதனால் அந்த மூலை ஊஞ்சலுக்குத் தள்ளி இருக்கட்டும், சுற்றிலும் சிறு வேலியும் இருக்கட்டும். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது, இலைகளை வாயில் வைக்கவும் கூடாது.

நடக்கிற காரியமா என்கிறீர்களா? சென்னையில் அடையாற்றின் கழிமுகத்தை ஒட்டிக் குப்பையும் கட்டட இடிபாடுகளும் கிடந்த இடத்தைச் சீர்செய்து, 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்காவை 2011-ல் திறந்தார்கள். இந்த மண்ணுக்குரிய செடிகளை நட்டார்கள், நீர் நிற்க இடம் விட்டார்கள். பறவைகளை யாரும் பிடித்து வந்து விடவில்லை. தாமாகவே வந்தன.

அது அரசு செய்த பெரிய வேலை. உங்களுடையது சின்ன மூலைதானே! நாலைந்து பேராகச் சேர்ந்து முதலில் பூங்காத் தோட்டக்காரரிடம் பேசுங்கள். அரிவாள் அவர் கையில் அல்லவா இருக்கிறது? பிறகு காலையில் நடக்க வரும் தாத்தா, பாட்டிகளிடம் சொல்லுங்கள். அவர்கள் சம்மதித்தால், "புழு சாப்பிடுகிறது, வெட்டாதீர்கள்" என்று ஓர் அட்டை எழுதி மாட்டிவிடுங்கள்.