‘தனி’ அல்பம் எண்டு ஆர் சொன்னது?

‘றாம்’ 1971 மே மாதம் வெளிவந்தது. போல் மக்கார்ட்னி, லிண்டா மக்கார்ட்னி என்று இரண்டு பேரின் பெயரில் வந்த அல்பம். (இது இராமன் இல்லை, செம்மறிக் கடா.) போலின் நீண்ட இசை வாழ்க்கையில் மனைவியின் பெயரையும் தன் பெயருக்குப் பக்கத்தில் சரிசமமாகப் போட்டு வந்த அல்பம் இது ஒன்றுதான். ஆனால் ரொக் இசை பற்றிக் கதைக்கிற ஆக்களிட்டைக் கேட்டுப் பாருங்கோ, ‘பீற்றில்ஸ் பிரிஞ்ச பிறகு போல் செய்த இரண்டாவது தனி அல்பம்’ எண்டுதான் அனேகம் பேர் சொல்லுவினம். தனி! இரண்டு பேர் பெயர் போட்டுச் செய்ததை எப்பிடி ஐயா தனி எண்டுறியள்?

எனக்கு அந்தச் சொல்லோடைதான் சண்டை. சொல் சின்னன். அதுக்குப் பின்னால் இருக்கிற பழக்கம் சின்னன் இல்லை.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னுக்குப் போவோம். 1970 ஏப்ரலில் போல் தன் முதல் அல்பத்தை வெளியிட்டார். பெரும்பகுதியை லண்டன் வீட்டில் வைத்து, நான்கு தடப் பதிவுக்கருவி ஒன்றில், எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்துப் பதிந்தது. ‘மக்கார்ட்னி’ என்று பெயர். பீற்றில்ஸ் முடிந்தது என்ற செய்தியும் அதோடு சேர்ந்தே வந்தது. விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். அரைகுறை, அவசரத்தில் செய்தது, வீட்டு வேலை மாதிரி இருக்கு என்றார்கள். சரி என்று மனுசன் அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் நியூயோர்க் போனார். ஒரு நிலக்கீழ் அறையில் டிரம்ஸ்காரர்களை ஒவ்வொருவராக வாசிக்க வைத்து டெனி சைவெல் என்பவரைத் தெரிந்தெடுத்தார். கிற்றாருக்கு முதலில் டேவிட் ஸ்பினோசா, பிறகு ஹியூ மக்ரக்கன். சில பாட்டுகளுக்கு நியூயோர்க் பில்ஹார்மொனிக் வாத்தியக்காரர்கள். மாதக்கணக்கில் வேலை நடந்தது. குரல்களுக்கு மேலே குரல்கள் அடுக்கப்பட்டன. அந்தக் குரல்களில் போலுக்கு அடுத்தபடியாக அதிகம் கேட்பது லிண்டாவுடையது.

அந்த வேலை நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான், 1970 டிசம்பர் 31 அன்று, போல் மற்ற மூன்று பேருக்கும் எதிராக லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். பங்குடைமையைக் கலைக்கச் சொல்லி. மற்ற மூவரும் அலன் கிளைனை முகாமையாளராக வைத்திருந்தார்கள். போல் தன் மாமனாரான சட்டத்தரணி லீ ஈஸ்ட்மனின் பக்கம். அடுத்த மார்ச்சில் தீர்ப்பு போலுக்குச் சாதகமாக வந்தது. ஆக, ‘றாம்’ கடைக்கு வரும்போதே சனத்தின் மனதில் குற்றவாளி ஆர் எண்டது முடிவாகியிருந்தது. பீற்றில்ஸைக் கோட்டுக்கு இழுத்தவன், அவன்ர மனுசி, மனுசியின்ர தகப்பன்.

விமர்சனங்கள் வந்தன. ரோலிங் ஸ்ரோன் இதழில் ஜோன் லண்டோ எழுதியதன் சாரம் இதுதான்: அறுபதுகளின் ரொக் இசை அழுகிக்கொண்டு போகிறது, அந்த அழுகலின் அடிமட்டம் இந்த அல்பம். அந்த விமர்சனம் பீற்றில்ஸுக்குள் போலுக்கும் ஜோன் லெனனுக்கும் இருந்த இழுபறியைப் பற்றியும் நீளமாகப் பேசுகிறது. ரொபேர்ட் கிறிஸ்கோ வழக்கம்போல மதிப்பெண் போட்டார், அதுவும் கீழ்மட்டத்தில். ரிங்கோ ஸ்டார்கூட இதில ஒரு மெட்டுக்கூட இல்லை என்ற மாதிரிப் பத்திரிகையில் சொன்னார். ரிங்கோ! வழக்கில் எதிராளிகளில் ஒருத்தர். பக்கத்து வீட்டோட காணிச் சண்டை நடக்கேக்க அந்த வீட்டுச் சாப்பாட்டின்ர ருசியைப் பற்றி உங்களிட்டைக் கேட்டால் நீங்கள் என்ன சொல்லுவியள்?

முதல் அல்பம் சரியாகச் செதுக்கப்படவில்லை என்றவர்களுக்கு இரண்டாவது அல்பம் செதுக்கினது கூடிப்போச்சு. இதை நான் முரண்பாடு எண்டு சொல்லமாட்டன். அவர்கள் இரண்டு தடவையும் ஒரே விசயத்தைத்தான் விமர்சித்தார்கள், ஒரு பிரிவை. இசைத்தட்டு அதுக்கு ஒரு சாட்டு.

போல் அப்பாவி என்று நான் சொல்ல வரேல்லை. முதல் பாட்டான ‘டூ மெனி பீப்பிள்’ லெனனையும் யோக்கோவையும் குத்தி எழுதினது என்பதை அவரே பிற்காலத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறார். அல்பத்தின் பின்னட்டையில் ஒரு வண்டின் மேல் இன்னொரு வண்டு ஏறி நிற்கும் படம் இருக்கிறது. பீற்றில்ஸ் என்ற பெயரின் சத்தத்துக்கு வண்டு என்றுதான் பொருள், எனவே குசும்பு விளங்கும். லெனன் விடுவாரா? அதே ஆண்டு வந்த ‘இமேஜின்’ அல்பத்தில் போலை நார்நாராகக் கிழித்து ஒரு பாட்டு எழுதினார். முன்னட்டையில் போல் செம்மறிக் கடாவின் கொம்பைப் பிடித்திருக்கிற படத்தைக் கேலி செய்து, தான் ஒரு பன்றியின் காதைப் பிடித்து நிற்கிற படத்தை அஞ்சலட்டையாக உள்ளே வைத்தார். இந்தச் சண்டையில் இரண்டு பேருக்கும் சம பங்கு. ஆனால் ஒருத்தரின் கோபம் கலையாகவும் மற்றவரின் குத்தல் சின்னத்தனமாகவும் வாசிக்கப்பட்டது.

ஏன் எண்டு யோசிச்சால், அந்தக் காலத்து ரொக் விமர்சனம் எதைக் கனமான விசயம் என்று நினைத்தது என்ற கேள்வி வருகிறது. 1970 டிசம்பரில் லெனன் தன் அல்பத்தில் தாயை நினைத்துக் கதறினார். ஜோர்ஜ் ஹரிசன் மூன்று தட்டுகள் நிறையக் கடவுளைத் தேடினார். இரண்டுமே நல்ல அல்பங்கள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதுதான் அளவுகோல் என்றால், ஸ்கொட்லாந்துப் பண்ணையில் ஆடு, பிள்ளை, அடுப்படி, மனுசியோட சிரிப்பு என்று பாடுகிறவனுக்கு அங்கே இடமில்லை. வலி எண்டால் ஆழம், வீடு எண்டால் மேலோட்டம். அதே பதிவு நாட்களில் பதிந்து தனிப்பாட்டாக வந்த ‘அனதர் டே’ வேலைக்குப் போய்த் தனியாக வீடு திரும்புகிற ஒரு பெண்ணின் சாதாரண நாளைப் பற்றியது. அதையும் சின்ன விசயம் என்று ஒதுக்கினார்கள். ஒரு ஆம்பிளை கத்தினால் வரலாறு, ஒரு பொம்பிளை கந்தோருக்குப் போய் வந்தால் ஒண்டுமில்லை.

இனி லிண்டாவிடம் வருவம். அவர் இசை படித்தவர் இல்லை. அதை அவரும் மறைக்கவில்லை, போலும் மறைக்கவில்லை. அவர் படப்பிடிப்பாளர். 1968 மே மாதம் ரோலிங் ஸ்ரோன் அட்டையில் வந்த எரிக் கிளப்டனின் படம் அவர் எடுத்தது. அந்த இதழின் அட்டைக்குப் படம் எடுத்த முதல் பெண் அவர். ‘றாம்’ முன்னட்டைப் படமும் அவருடையதுதான். ஆனால் மூன்று வருசத்துக்குப் பிறகு பத்திரிகை உலகத்துக்கு அவர் ‘போலின்ர மனுசி’. யோக்கோவுக்கும் இதுதான் நடந்தது. அவர் லெனனைச் சந்திக்க முதலே நியூயோர்க்கில் பெயர் தெரிந்த ஓவியக் கலைஞர். இரண்டு பொம்பிளையளும் சேர்ந்து நாலு ஆம்பிளையளைப் பிரிச்சுப்போட்டினம் எண்ட கதையை இண்டைக்கும் சொல்லுகிற ஆக்கள் இருக்கினம்.

‘லிண்டாவுக்குப் பாடத் தெரியாது’ என்பது இன்னொரு நிரந்தரக் குற்றச்சாட்டு. 1990இல் நெப்வேர்த் கச்சேரியில் அவர் ஒலிவாங்கியின் சத்தத்தை மட்டும் பிரித்தெடுத்து வானொலியில் போட்டு உலகமே சிரித்தது. மேடையில் துள்ளிக்கொண்டு பின்பாட்டுப் பாடுகிற எவருடைய குரலையும் தனியப் பிரித்தால் அப்படித்தான் கேட்கும். இப்ப ‘டியர் போய்’ பாட்டை ஹெட்போன் போட்டு வடிவாய்க் கேளுங்கோ. குரல்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிப் பின்னி ஏறும். போலின் குரல் உருண்டையானது, எந்தப் பாத்திரத்திலும் ஊற்றலாம். லிண்டாவின் குரல் மெல்லியது, நேரானது, அசைவில்லாதது. அந்த நேர்கோடு பக்கத்தில் இருப்பதால்தான் மற்றது வளைவது தெரிகிறது. அதை எடுத்துவிட்டு ஒரு தேர்ந்த பின்பாட்டுக்காரியை வைத்திருந்தால் பாட்டு சுத்தமாக இருந்திருக்கும், இந்தப் பாட்டாக இருந்திருக்காது. ‘லோங் ஹெயர்ட் லேடி’யில் அவர் முன்னுக்கு வந்து குரல் கொடுக்கும்போது உண்மையிலேயே கொஞ்சம் காது கூசும். எனக்கு அது பிடிக்கும். பிடிக்காவிட்டால் பிடிக்காது எண்டு சொல்லுங்கோ, அது விமர்சனம். ‘அவ ஏன் அங்க நிக்கிறா’ எண்டு கேட்கிறது விமர்சனம் இல்லை.

அந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கும் போனது. பீற்றில்ஸின் பாட்டு உரிமையை வைத்திருந்த நோர்தேர்ன் சோங்ஸ் கம்பெனி 1969இல் லூ கிரேடின் ஏ.ரி.வி. நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. போல் எழுதுகிற பாட்டுகளின் உரிமை ஒப்பந்தப்படி அங்கேதான் போகும். லிண்டாவும் சேர்ந்து எழுதினால் பாதிப் பங்கு லிண்டாவுக்கு. கம்பெனி 1971இல் நியூயோர்க்கில் வழக்குப் போட்டது, 10 இலட்சம் டொலர் கேட்டு. வாதம் எளிமையானது: இந்தப் பெண்ணுக்குப் பாட்டு எழுதத் தெரியாது, இது காசுக்காகப் போட்ட பெயர்.

காசு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். தன் பாட்டின் உரிமை தன் கையில் இல்லாதவன் வழி தேடுவான்தான். ஆனால் அல்பத்தின் பெயர் விபரத்தை ஒருக்கா எடுத்துப் பாருங்கோ. 12 தடங்கள். அதில் 6 மட்டும்தான் இரண்டு பேர் பெயரிலும் இருக்கின்றன. மற்ற 6 போலின் பெயரில் மட்டும். கடைசிப் பாட்டான ‘த பெக் சீட் ஒஃப் மை கார்’, அல்பத்திலேயே பெரிய பாட்டு, அதில் லிண்டாவின் பெயர் இல்லை. அது 1969 ஜனவரியிலேயே பீற்றில்ஸ் ஒத்திகையில் போல் வாசித்துக் காட்டியது, லிண்டா அந்தக் கணக்கில் இல்லை. ஏமாத்திறவன் எல்லாத்திலயும் அல்லவோ பெயரைப் போடுவான்? வழக்கு 1972இல் சமரசமாக முடிந்தது. அடுத்த ஆண்டு போல் ஏ.ரி.வி.க்காக ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி செய்துகொடுத்தார். லிண்டா எழுதினாரா இல்லையா என்று எந்த நீதவானும் தீர்ப்புச் சொல்லவில்லை. தீர்ப்பைச் சனம் சொல்லிவிட்டது.

எங்கட பக்கத்திலயும் ஒரு பெண் கவிதைத் தொகுதி போட்டால் ‘ஆர் திருத்திக் குடுத்தது?’ எண்டு கேக்கிற குரலை நீங்கள் கேட்டிருப்பியள். நோர்தேர்ன் சோங்ஸின் சட்டத்தரணிகள் புதுசாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

அல்பம் விற்காமல் இல்லை. பிரித்தானியாவில் முதலாம் இடம், அமெரிக்காவில் இரண்டாம் இடம். ‘அங்கிள் அல்பர்ட்’ பாட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. வாங்கிக் கேட்ட சனத்துக்குப் பிரச்சினை இருக்கவில்லை. எழுதினவர்களுக்குத்தான். பிறகு காலம் மாறியது. 2012இல் மறுபதிப்பு வந்தபோது பிட்ச்போர்க் தளம் 10க்கு 9.2 போட்டது. 2020இல் ரோலிங் ஸ்ரோன், ஆம் அதே ரோலிங் ஸ்ரோன், தன் 500 சிறந்த அல்பங்களின் பட்டியலில் இதை 450ஆம் இடத்தில் வைத்தது. இப்ப எல்லாரும் ‘இன்டி பொப் இசையின்ர பாட்டன்’ எண்டுறினம். வீட்டில் பதிந்த மாதிரியான சத்தம், ஒரு பாட்டுக்குள் மூன்று பாட்டு, யுக்கலேலே, கிறுக்குத்தனம் எல்லாம் இப்போது நல்ல குணங்களாகிவிட்டன.

இதைப் பார்த்துச் சந்தோசப்பட எனக்கு ஏலாமல் இருக்கு. 1971இல் கூட்டத்தோடு கல்லெறிந்ததும், இன்று கூட்டத்தோடு மாலை போடுவதும் ஒரே சோம்பேறித்தனம். இந்த அல்பத்தில் நிரப்பல் பாட்டுகள் உண்டு. ‘3 லெக்ஸ்’ எனக்கு எப்பவும் இழுபறிதான், ‘ஸ்மைல் அவே’ பகிடி இரண்டாம் தடவை எடுபடாது. மாலை போடுகிற ஆக்கள் இதுகளைச் சொல்ல மாட்டினம். அவையளும் அல்பத்தைக் கேட்கிறதைவிட, முந்தின தலைமுறை பிழை விட்டுட்டுது எண்ட கதையைச் சொல்லுறதுக்குத்தான் விருப்பம். அந்தக் கதையின் நாயகன் போல். புரிந்துகொள்ளப்படாத மேதை. லிண்டா பழையபடி பின்பாட்டு.

‘சோலோ’ என்ற சொல் ரொக் உலகத்தில் ஒரு ஆம்பிளை தன் கூட்டாளிகளை விட்டுவிட்டு வருவதைக் குறிக்கும். கூட்டாளிகள் நாலு ஆம்பிளையள் எண்டால் அது ‘குழு’. மனுசியோட சேர்ந்து செய்தால் அது ‘தனி’. விளங்குதோ?

ஏ.ரி.வி. வழக்குக் காலத்தில் லிண்டா தனியாக ஒரு பாட்டு எழுதினார். ஜமேக்காவில் ரெகே கேட்டு வந்த உற்சாகத்தில் எழுதிய ‘சீசைட் வுமன்’. எனக்கு எழுதத் தெரியாது எண்டு வழக்குப் போட்டதால்தான் எழுதினேன் என்ற மாதிரி அவர் பிறகு சொன்னார். 1977இல்தான் அது அமெரிக்காவில் வெளியானது, ‘சூசி அன்ட் த ரெட் ஸ்ரைப்ஸ்’ என்ற பொய்ப்பெயரில். வாசித்தது விங்ஸ் குழு. அந்தப் பாட்டுக்கு ஒஸ்கார் கிரிலோ செய்த சின்ன அசைபடம் 1980இல் கான் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கான தங்கப்பனை விருதை எடுத்தது. 1998 ஏப்ரலில் லிண்டா மார்புப் புற்றுநோயால் இறந்தார். அவரது பெயரில் மட்டும் வந்த ஒரே அல்பமான ‘வைட் பிரெய்ரி’யைப் போல் தொகுத்து அந்த ஆண்டின் கடைசியில் வெளியிட்டார். ‘சீசைட் வுமன்’ அதில் இருக்கு. எடுத்துக் கேளுங்கோ.