பாதுகாப்பு யாருக்கு?

பணக்கார நாடுகளில்தான் குற்றம் அதிகம், நம் நாட்டில் பயமில்லை என்று சிலர் பட்டியல் காட்டுகிறார்கள். லட்சம் பேருக்கு நடந்த கொலை 2022-இல் அமெரிக்காவில் 5-க்கு மேல், இந்தியாவில் 3-க்குக் கீழ். சரிதான். பிணத்தை மறைப்பது கடினம், அதனால் கொலைக் கணக்கை ஓரளவு நம்பலாம். மற்ற குற்றங்களில் காவல் நிலையம் எழுதியதுதான் கணக்கு. ஸ்வீடனில் ஒருவன் பத்து முறை பாலியல் வன்முறை செய்தால் பத்துக் குற்றமாகப் பதிகிறார்கள். இங்கே சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து, சமாதானம் பேசி அனுப்புகிறார்கள்.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்கு வழி மறுக்கப்பட்டு, தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். இரண்டுமே கொலை விகிதத்தில் வராதவை. ஆலாங்காயத்திலும் அமிர்தியிலும் இருப்பவர்களுக்கு இதுதான் பாதுகாப்பின் அளவுகோல்.

தோழர்களே, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவுப்படி எஃப்.ஐ.ஆர். போட முதற்கட்ட விசாரணை தேவையில்லை. வாய்மொழிப் புகாரை எழுதிப் படித்துக் காட்ட வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அதிகாரி வேண்டுமென்றே கடமை தவறினால் 4-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை. புகார் கொடுப்பவரோடு நீங்களும் காவல் நிலையம் போங்கள், ரசீதோடு திரும்பாதீர்கள். பதிவு கூடினால் மாவட்டத்தின் குற்ற எண்ணிக்கையும் கூடும். கூடட்டும்.