மனச்சோர்வை ஆங்கிலத்தில் எழுதும்போது



மும்பையிலும் பெங்களூரிலும் டில்லியிலும் பிழைப்புக்காகக் குடியேறியிருக்கிற நம்முடைய பிள்ளைகள், விடுப்புக் கடிதத்தையும் மருத்துவருக்குரிய குறிப்பையும் ஆங்கிலத்தில் எழுதவேண்டியவர்களாயிருக்கிறார்கள். காய்ச்சலை எழுதுவது எளிது. மனச்சோர்வை எழுதும்போதோ, ஒரு சொல் பிசகினாலும் பொருள் மாறிவிடும். ஆகையால் சிலவற்றைக் கவனியுங்கள்.

முதலாவது, "ஐ ஆம் டிப்ரஸிங்" என்று எழுதாதிருங்கள். நான் மற்றவர்களைச் சோர்வடையச் செய்கிறேன் என்பதே அதன் பொருள். சோர்ந்திருப்பவர் நீங்களானால் "ஐ ஆம் டிப்ரஸ்டு" என்பதே சரி.

இரண்டாவது, "ஐ ஃபீல் டிப்ரஸ்டு" என்பது மனநிலையைச் சொல்லுகிறது. தேர்வில் தோற்றவரும் அப்படி எழுதலாம். "ஐ ஹேவ் டிப்ரஷன்" என்பதோ நோயைச் சொல்லுகிறது; மருத்துவர் கண்டறிந்தபின் அப்படி எழுதுவதே முறை. நோயைக் குறிக்கும்போது அச்சொல்லுக்கு முன் "எ" சேர்க்கலாகாது. "எ டிப்ரஷன்" என்றால் தரையிலுள்ள பள்ளம், அல்லது வங்கக்கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்!

மூன்றாவது, காலத்தைச் சரியாக எழுதுங்கள். "இரண்டு மாதமாக" என்பதை நம்மில் அநேகர் "சின்ஸ் டூ மன்த்ஸ்" என்று எழுதுகிறார்கள். "சின்ஸ்" தொடங்கிய வேளையைக் குறிக்கும்: "சின்ஸ் மார்ச்". கால அளவுக்கு "ஃபார்" வரவேண்டும்: "ஐ ஹேவ் பீன் ஃபீலிங் லோ ஃபார் டூ மன்த்ஸ்." இந்தக் கால அளவு மருத்துவருக்கு மிகவும் அவசியம். சோர்வோ, எதிலும் நாட்டமின்மையோ, ஏறக்குறைய நாள்தோறும், நாளின் பெரும்பகுதியும், குறைந்தது 2 வாரம் நீடித்ததா என்று அவர் பார்ப்பார். ஆகவே "டென்ஷன்" என்றும் "மூட் அவுட்" என்றும் எழுதி நிறுத்திவிடாதிருங்கள். எத்தனை வாரமாக, தூக்கம் எப்படி, பசி எப்படி, வேலை செய்ய முடிகிறதா என்று தெளிவாய் எழுதுங்கள்.

நான்காவது, பிறரைக் குறித்து எழுதும்போது "மென்டல்" என்ற சொல் வேண்டாம். "எ பெர்சன் வித் டிப்ரஷன்" என்று எழுதுங்கள். தற்கொலையால் மரித்தவரைக் குறித்து "கமிட்டட் சூயிசைடு" என்று எழுதுவது வழக்கம். "கமிட்" என்பது குற்றத்தோடு சேர்ந்துவரும் சொல். "டைடு பை சூயிசைடு" என்று எழுதினால், துக்கத்திலிருக்கும் வீட்டார்மேல் பழியும் சேராது.

விடுப்புக் கடிதத்தில் "ஃபார் மெடிக்கல் ரீசன்ஸ்" என்பதே பெரும்பாலும் போதும். மேலாளரிடம் நோயின் பெயரைச் சொல்லுவதும் சொல்லாதிருப்பதும் உங்கள் விருப்பம்.

கடைசியாக, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழும்பினால் இலக்கணம் பார்த்துக்கொண்டிராதிருங்கள். மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மனாஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். அங்கே தமிழிலேயே பேசலாம்.