சொக்சோ கோப்பு எப்போது மூடப்படுகிறது?

மலேசியாவின் ரவாங் தொழிற்பேட்டைக்குக் காலை ஷிஃப்டுக்கு மோட்டாரில் போகும் ஒருவர் வழியில் விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இடது முட்டி நொறுங்குகிறது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நேர்வதும் வேலை விபத்துதான் என்கிறது 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம். முதலாளி சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்குப் பாரம் அனுப்புகிறார். மருத்துவ வாரியம் ஊனத்தை 20 விழுக்காட்டுக்குள் மதிப்பிடுகிறது. மொத்தமாக ஒரு தொகை வருகிறது. மகளின் கல்லூரிக் கட்டணம், மோட்டாரின் மிச்சத் தவணை என்று அது கரைந்தும் விடுகிறது.

உடம்பு அதோடு விடுவதில்லை. இடக்காலுக்கு வலிக்காமலிருக்க வலக்காலில் பாரத்தைப் போட்டு நடந்தவருக்கு, சில ஆண்டுகளில் வலது இடுப்பு தேய்கிறது, முதுகு பிடித்துக்கொள்கிறது. வலிக்கு மருந்துக்கடை மாத்திரை. மாத்திரையால் வயிற்றுப்புண், பிறகு சிறுநீரகத்தில் கோளாறு. சொக்சோவில் கேட்டீர்களா என்றால், “அது அப்பவே முடிஞ்சிருச்சுங்க, காசு கொடுத்துட்டாங்களே” என்பார்.

முடியவில்லை. மதிப்பீட்டுக்குப் பிறகு காயத்தின் விளைவுகள் கணிசமாகவும் எதிர்பாராத வகையிலும் மோசமானால், அதை மறுபடி பார்க்க அதே சட்டம் இடம் கொடுக்கிறது. இது தெரியாமல் போவதுதான் முதல் இழப்பு.

இரண்டாவது இழப்பு கிளினிக்கில் நடக்கிறது. கூட்டம் நிறைந்த காலையில் டாக்டர் அட்டையில் மூன்றே சொற்கள் எழுதுகிறார்: முதுகுவலி, ஓராண்டு, இனிப்புநீர். பழைய விபத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நாட்டின் சராசரி 18.3. ஆகவே நம்மவர் உடம்பில் எது கெட்டாலும் பழியைப் போட ஒரு நோய் தயாராக இருக்கிறது. அந்த அட்டை நாளை வாரியத்தின் முன் வரும்போது முட்டிக்கும் முதுகுக்கும் தொடர்பே இருக்காது. ‘இலாட்’ எனும் இயலாமைப் பென்சனுக்குப் போனால் அங்கே கணக்கு வேறு: போதிய மாதங்கள் சந்தா கட்டியிருக்க வேண்டும், 60 வயதுக்குள் இருக்க வேண்டும், வழக்கமான சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூடச் சம்பாதிக்க முடியாத நிலையும் வேண்டும். முட்டி போனபின் வேலை மாறி மாறி அலைந்தவருக்குச் சந்தாவிலேயே ஓட்டை விழுந்திருக்கும்.

மறுமதிப்பீட்டுக்குச் சட்டம் வைக்கும் ‘எதிர்பாராத’ என்ற நிபந்தனைதான் எனக்கு உறுத்துகிறது. ஒரு கால் நொண்டினால் மற்ற பக்கம் தேயும் என்பது எந்த எலும்பு டாக்டருக்கும் தெரியும். அப்படியானால் அது எதிர்பார்த்ததுதானே என்று கைவிரித்துவிடலாம் அல்லவா? எதிர்பார்த்திருந்தால், முதல் மதிப்பீட்டிலேயே அதற்கும் சேர்த்து விழுக்காடு போட்டிருக்க வேண்டும்.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கு இதற்கென்றே தனி விதி உண்டு. பணியில் வந்த ஊனம் இன்னொரு நோயை உண்டாக்கினாலோ தீவிரமாக்கினாலோ, அந்த இரண்டாவது நோய்க்கும் இழப்பீடு. சாட்சியம் இரு பக்கமும் சமமாக நின்றால் தீர்ப்பு வீரர் பக்கம். இந்திய உச்ச நீதிமன்றமும் 2013இல் தரம்வீர் சிங் வழக்கில், படையில் சேரும்போது பதிவாகாத நோய் பிறகு வந்தால் அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லையென்று நிரூபிப்பது நிர்வாகத்தின் பாடு என்றது. சீருடை போட்டவனுக்குக் கிடைக்கும் இந்தச் சந்தேகத்தின் பலன், சிமெண்டுத் தூசியில் நின்றவனுக்கும் கிடைக்கட்டும்.

பொய்க் கோரிக்கைகள் பெருகும் என்பார்கள். பெருகலாம், அதைச் சலிக்கத்தானே வாரியத்தில் டாக்டர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மொத்தத் தொகையோடு அனுப்பும் கடிதத்தில், உடல்நிலை மோசமானால் மீண்டும் வரலாம் என்று மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் இரண்டு வரி சேர்க்கச் செலவு ஒன்றுமில்லை. அதுவரை தொழிலாளி செய்யக்கூடியது: பழைய மதிப்பீட்டுக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருப்பது, கிளினிக்கில் விபத்து நடந்த தேதியைச் சொல்லி அட்டையில் எழுதச் சொல்வது.